கரிசலில் கட்டட மறுபயன்பாடு: ஈரத்தின் கணக்கு

பழைய கட்டடத்தை இடிக்காமல் புதிய தேவைக்கு மாற்றிக்கொள்வதற்கு இன்று பெரும்பாலும் சொல்லப்படும் நியாயம் கரிம உமிழ்வு. 2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற லகாதோன், வசால் இணையர் பிரான்சில் பழைய அடுக்குமாடிகளை இடிக்க மறுத்து விரிவாக்கிக் காட்டியது அந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. கோவில்பட்டி வட்டாரத்தில் இதைவிட அழுத்தமான நியாயம் தரைக்குக் கீழே இருக்கிறது.

கரிசல் மண் ஐப்பசி மழையில் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் களிமம் நீரை இழுத்துப் பருப்பதே காரணம். புதிதாக வானம் தோண்டி எழுப்பிய சுவர் இந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டிக்கொள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்ததும் கொத்தனார் காரணத்தைச் சொல்லிவிடுவார். அரை நூற்றாண்டாக நிற்கும் கட்டடத்தின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஏறக்குறைய நிலைபெற்றிருக்கும். இந்தச் சமநிலையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கெடுக்க ஒரு கழிப்பறை போதும்.

புதுப் பயன் கட்டடத்தின் பண்பாட்டு மதிப்போடு இசைய வேண்டும் என்பது 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனத்தின் நெறி. கரிசலில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அந்தப் பயன் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவரும், அது எந்தப் பக்கம் வடியும்?

மூடிக்கிடக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸை எடுத்துக்கொள்வோம். கிட்டங்கியாக மாற்றினால் மண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாண மண்டபமாக்கினால் சமையற்கட்டும் கைகழுவும் தொட்டியும் சுவரோரம் வந்து சேரும். முகூர்த்த நாளில் அந்த மூலை ஊறும், ஆடியில் காயும். போதாததற்கு, தீக்குச்சியை மருந்தில் தோய்த்த அறையின் தளத்திலும் பூச்சிலும் குளோரேட் உப்பு தங்கியிருக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் உள்ளே ஆட்களை விடக்கூடாது.

கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தபோது அரசு இருவகை நினைவுச் சின்னங்களை அறிவித்தது. கோவில்பட்டியில் புதிய நினைவரங்கம்; இடைசெவலில் அவர் படித்த பள்ளியைப் பழமை மாறாமல் புதுப்பித்தல். மழைக்கு மட்டுமே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவருக்கு இரண்டாவதே பொருத்தம் என்பேன். பள்ளி பள்ளியாகவே தொடர்கிறது என்பதால் மட்டுமல்ல. பயன் மாறாதபோது ஈரத்தின் போக்கும் பெரிதாக மாறத் தேவையில்லை.

எதிர்வாதத்துக்கு இடம் தருவது எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு 1973 முதல் அரசு நினைவில்லம். நினைவில்லத்தைவிட வறண்ட பயன் ஏது? ஆனாலும் 2025 மார்ச்சில் அதன் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. குடியிருக்கும் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பவர் கண்ணில் உத்தரத்தின் உளுத்த முனை படும். முதல் ஒழுக்குக்கே அடியில் பாத்திரம் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். பார்வையாளர் வந்துபோகும் வீட்டில் அந்தக் கண்ணுக்கு ஈடாக முறைவைத்த ஆய்வு வேண்டும். வறண்ட பயன் அடித்தளத்தைக் காக்கும், கூரையைக் காக்காது.

அப்படியானால் கரிசலின் பழங்கட்டடங்கள் கிட்டங்கியாகவும் காட்சிக்கூடமாகவும் மட்டுமே பிழைக்குமா? அப்படி இல்லை. நீர் புழங்கும் பகுதியைத் தனிக் கட்டாகத் தள்ளி எழுப்பலாம். அதற்கு, ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ் விரிந்த தூண் அடித்தளம் ஏற்றது. பழைய சுவரோடு அதை இறுகப் பூட்டாமல் இடைவெளி விடவேண்டும். குழாய் இணைப்பு வளைந்துகொடுக்க வேண்டும். சுவரோரத்து வேம்பை அவசரப்பட்டு வெட்டவும் கூடாது. வேர் குடித்துவந்த ஈரம் மண்ணிலேயே தங்கினால் தரை மேலெழும்பும்.