வெரோனாவும் தகடூரும்

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி, 1913-இல் ஓசூர் வரையில் நீண்டு, 1941-இல் யுத்த காலத்தில் மூடப்பட்ட இரண்டரை அடி அகலச் சிறு ரயில் பாதையை நினைவில் வைத்திருப்போர் இன்று மிகச் சிலரே. அக்காலத்தில் தருமபுரி சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலூகாவாக இருந்தமையால், கலாசாலைப் படிப்பை நாடிய வாலிபர்கள் மொரப்பூர் வரை அந்தச் சிறு வண்டியிலும், பிறகு பெரிய வண்டியிலுமாகப் பிரயாணம் செய்து சேலம் நகராட்சிக் கல்லூரியையோ சென்னையையோ அடைய வேண்டியிருந்தது. 1857-இல் ஸ்தாபிக்கப்பட்ட சென்னைச் சர்வகலாசாலை அவர்களுக்காக வகுத்து வைத்திருந்த ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஷேக்ஸ்பியர் மகாகவிக்கே தலைமையான ஸ்தானம் இருந்தது. ஆயினும், வெரோனா நகரில் பகைமை பூண்ட இரு குடும்பங்களின் மக்களாகிய ரோமியோவையும் ஜூலியட்டையும் பலர் முதன்முதலில் அறிந்தது மூல நாடகத்தினாலன்று. சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் சிறுவர்களுக்கென உரைநடையில் எழுதி 1807-இல் வெளியிட்ட கதைத் தொகுதியினாலேயே ஆகும். அத்தொகுதி பள்ளிகளில் பன்னெடுங்காலம் வழங்கிற்று.

வாசித்தவர்கள் வெறும் நெஞ்சோடு வாசிக்கவில்லை என்பதே நான் சொல்லக் கருதுவது. மாசி, பங்குனி மாதங்களில் அறுவடை முடிந்த வயல்வெளியிலே இரவெல்லாம் மத்தளமும் முகவீணையும் தாளமும் ஒலிக்க, இருவர் பிடித்த திரையின் பின்னிருந்து வேஷக்காரர் வெளிப்படும் தெருக்கூத்தைச் சிறு பிராயத்திலிருந்தே கண்டு, விடியும் வரையில் கண்விழித்துப் பழகியவர்கள் இந்தப் பக்கத்து மாணவர்கள். கட்டியங்காரன் வந்து நடக்கப் போகும் கதையை முன்னதாகவே சபையோருக்கு எடுத்துரைப்பது கூத்தின் சம்பிரதாயம். காதலர் இருவரும் மாளப்போகின்றனர் என்பதையும், அவர்தம் சாவினாலேயே பெற்றோரின் பகை தீரும் என்பதையும் ஷேக்ஸ்பியரும் தமது நாடகத்தின் தொடக்கத்திலேயே பதினான்கு அடிகளில் அறிவித்துவிடுகிறார். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சுவை குன்றிவிடாதோ என்று வேறு நாட்டு மாணவன் ஐயுறக் கூடும். துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்று அறிந்தே அதைக் காணப் பத்துக் கல் நடந்து செல்லும் மக்களிடையே பிறந்தவனுக்கு அந்த ஐயம் எழ நியாயமில்லை.

முடிவு தெரிந்த சோகக் காதற் கதைகளும் நம்மிடத்தே இல்லாமலில்லை. வட மாவட்டங்களிலும் காவிரிக் கரையிலும், கடல் கடந்து ஈழத்தின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும்கூடக் கூத்தாக ஆடப்பட்டுவரும் காத்தவராயன் கதையை எடுத்துக்கொள்வோம். சேரியிலே வளர்ந்த காத்தவராயன் அந்தணப் பெண்ணாகிய ஆரியமாலையின்மீது காதல் கொண்டு, அவளைக் கவர்ந்து சென்று, அக்குற்றத்துக்காகக் கழுவேற்றப்படுகிறான். கழுமரத்தில் அவன் ஏறும் கட்டத்தை எதிர்நோக்கியே இரவெல்லாம் ஜனங்கள் காத்திருக்கின்றனர். கொலையுண்ட அவன் பின்னர்த் தெய்வமாகி, மாரியம்மன் கோயிலின் பரிவார தேவதைகளுள் ஒருவனாகப் பூஜை பெறுகிறான். மதுரைவீரன் பெற்ற கதியும் இத்தகையதே.

இக்கதைகளை ஆராய்ந்த பேராசிரியர் நா. வானமாமலை, இத்தலைவர்கள் உண்மையில் உயர்குலத்திற் பிறந்து, சாபத்தினாலோ விதியினாலோ தாழ்ந்த குடியில் வளர்ந்தவர்கள் என்று கூறும் பகுதிகள் பிற்காலத்தார் சேர்த்தவை என்று கருதினார். அவர் கருத்து எனக்கு முற்றும் உடன்பாடே. சாதி கடந்த காதலின் கூர்மையைத் தாங்கமாட்டாத உள்ளங்கள் அதை மழுக்கும் பொருட்டுப் பிறப்பையே மாற்றியமைத்தன. மேனாட்டிலும் இவ்வகைச் செயல் நிகழாமற் போகவில்லை. டேவிட் காரிக் என்னும் பிரசித்தி பெற்ற ஆங்கில நடிகர் 1748-இல் ரோமியோ ஜூலியட் நாடகத்தை லண்டனில் அரங்கேற்றியபோது, ரோமியோ உயிர் நீங்குமுன் ஜூலியட் மயக்கம் தெளிந்து கண்விழிப்பதாகவும், இருவரும் கல்லறையினுள்ளே சிறிது நேரம் பேசி ஆறுதல் பெறுவதாகவும் ஒரு காட்சியைத் தாமே எழுதிச் சேர்த்தார். அந்த மாற்றம் நெடுங்காலம் மேடையில் நிலைத்துவிட்டது.

நாடகத்தின் சில அம்சங்கள் அக்கால மாணவனுக்கு விளக்கவுரை இன்றியே விளங்கியிருக்கும். ஜூலியட்டுக்குப் பதினான்கு வயது நிரம்பவில்லை என்பதை இன்று வாசிப்போர் திடுக்கிட்டு நோக்குகின்றனர். பெண்ணின் விவாக வயது பதினான்குக்குக் குறையலாகாது என்று சாரதா சட்டம் விதித்ததே 1929-இல்தான்; ஆதலின் அதற்கு முன் படித்தவனுக்கு அவள் வயது வியப்பைத் தந்திராது, தந்தை பார்த்த வரனை மறுத்து அவளே ஒருவனை வரித்துக்கொண்ட துணிவுதான் வியப்பைத் தந்திருக்கும். அவ்வாறே, ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேராமைக்குக் காரணம், அதைச் சுமந்து சென்ற துறவி கொள்ளைநோய் ஐயத்தினால் ஒரு வீட்டினுள் அடைக்கப்பட்டதே என்னும் இடமும் விளங்கியிருக்கும். 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய செய்தியைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த ஓசூர், தருமபுரிப் பிள்ளைகளுக்கு, பூட்டிய கதவின் பின்னே ஒரு கடிதம் சிறைப்பட்டுக் கிடப்பது கவியின் கற்பனையாகத் தோன்றியிராது.

தமிழ் மேடையும் இக்கதையை விட்டுவைக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் ஆக்கியனவாக எண்ணப்படும் நாடகங்களின் வரிசையில் ரோமியோ ஜூலியத்தும் உண்டு. சினிமாவுக்கு வந்தால், சேலம் சங்கர் பிலிம்ஸார் 1937-இல் வெளியிட்ட ‘அம்பிகாபதி’யைச் சொல்ல வேண்டும். கம்பர் மகனுக்கும் சோழ ராஜகுமாரி அமராவதிக்கும் ஏற்பட்ட காதலையும், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அவளது பிழையால் அவன் உயிரிழந்ததையும் கூறும் பழங்கதை அது. படத்தை இயக்கிய அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன், ஷேக்ஸ்பியரின் காதற் காட்சிகளை வசனகர்த்தா இளங்கோவனுக்குக் காட்டி, அவற்றின் சாயலைத் தமிழில் வருவித்தார். தியாகராஜ பாகவதரும் சந்தானலட்சுமியும் அக்காட்சிகளில் தோன்றினர். உப்பரிகைக்கும் தோட்டத்துக்கும் இடையே வெரோனாவில் நிகழ்ந்த சம்பாஷணை, எழுத்தறியாத ஜனங்களின் செவிக்கும் இவ்விதம் எட்டிற்று. 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாருக்காக அதே டங்கன் இயக்கிய ‘பொன்முடி’யோ, இரு வணிகர் குடும்பங்களின் பகையால் பிரிவுற்ற காதலரைப் பாடும் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியத்தைத் தழுவியது.

1965-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் அரசு கலைக் கல்லூரியும் அங்கே தோன்றிற்று. பென்னாகரத்தானும் அரூரானும் பட்டப்படிப்புக்காகச் சேலத்துக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் நீங்கியது. தருமபுரியின் பழம்பெயரைச் சொல்வதானால், ஷேக்ஸ்பியர் தகடூருக்கே வந்து சேர்ந்தார்.

இங்கேதான் நான் நெடுநாள் சிந்தித்த ஒரு வேற்றுமை வருகிறது. மாண்டேக், காப்யுலெட் என்னும் இரு குடும்பங்களும் மதிப்பிலே சரிசமானமானவை என்று நாடகம் முதலடியிலேயே கூறிவிடுகிறது. செல்வத்தில் ஏற்றத்தாழ்வில்லை, குலத்தில் பேதமில்லை. பகைக்கு என்ன காரணம் என்பதைக்கூடக் கவி எங்கும் சொல்வதில்லை. காரணமற்ற பகையாதலின், பிள்ளைகளின் பிரேதங்களைக் கண்டவுடன் தந்தையர் கைகோத்துக்கொள்வதும், ஒருவர் மற்றவரின் குழந்தைக்குப் பொற்சிலை எடுப்பதாக வாக்களிப்பதும் சாத்தியமாகின்றன. நம் கதைகளிலோ பகைவர்கள் சமமானவர்கள் அல்லர். காத்தவராயனைக் கழுவேற்றியவரின் சந்ததியார் அவனைக் கும்பிட்டார்கள். ஆனால் அவனை வளர்த்த சேரியாரின் கையைப் பற்றினார்கள் என்று எந்தக் கூத்தும் பாடவில்லை. ஆநிரைப் பூசலில் பட்டவனுக்கு நடுகல் எடுத்து, அவன் பெயரையும் ஊரையும் வட்டெழுத்தில் பொறித்து வைப்பதில் நிகரற்று விளங்கிய நாடு இது. தருமபுரி அருங்காட்சியகத்தில் அத்தகைய கற்களை வரிசையாகக் காணலாம். அவற்றுட் பல சண்டையில் மாண்டோருக்கு உரியவை. சமாதானத்துக்கென எழுந்த கல்லை நான் கண்டதில்லை.

2012 நவம்பர் 7-ஆம் தேதி, சாதி கடந்த ஒரு விவாகத்தை முன்னிட்டு, தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம் முதலிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாயின. அடுத்த ஆண்டில் அந்த மணமகனும் மாண்டான். அப்போது அப்பக்கத்துக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுள் இரு தரப்பாரின் குழந்தைகளும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கக் கூடும். அவர்களுக்கு இந்நாடகத்தின் முதல் நான்கு அங்கங்களை நடத்துவதில் எந்த ஆசிரியருக்கும் சிரமம் இராது. காதலையும், பகையையும், தெருவிலே உருவிய வாளையும் அவர்கள் நன்கு அறிவார்கள். ஐந்தாம் அங்கத்தின் கடைசிப் பக்கத்தில், கிழவர் காப்யுலெட் தம் பகைவரைச் சகோதரர் என்று விளித்துக் கை நீட்டும் அந்தச் சில அடிகளில்தான் அவர் நெடுநேரம் நின்று பேச வேண்டியிருக்கும்.