பண்டை அதென்சு நகரிற் பிழைப்புத் தேடிய அயற்குடிகள்

கிரேக்கரின் வரலாற்றைக் கற்போர் அதென்சு நகரைக் குடியாட்சியின் தாயகமெனப் போற்றுவர். பெரிக்கிளீசின் அரசியல் வன்மையும், சோக்கிரதீசின் வாழ்வும், அக்கிரோபொலிசுக் குன்றின்மீது எழுந்த கோயில்களின் வனப்பும் அப்புகழுக்குச் சான்றாகக் காட்டப்படும். ஆயின், அக்கோயில்களைக் கட்டிய கைகளுட் பல அந்நகரத்தாரின் கைகளல்ல. கல் செதுக்கியோர், கேடயஞ் செய்தோர், தோல் பதனிட்டோர், பணம் மாற்றியோர் ஆகியோருட் பெருந்தொகையினர் பிற நகரங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்களாவர். அவர்களைக் கிரேக்கர் 'மெற்றோயிக்கர்' என அழைத்தனர். நாம் அவர்களை அயற்குடிகள் எனலாம். வேலை கொடுத்த நகரம் அவர்களுக்கு வேறு எவற்றைக் கொடுத்தது, எவற்றைக் கொடுக்க மறுத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அற்றிக்கா நாடு ஒலிவ மரத்துக்கு ஏற்றதாயினும் தானியத்துக்குப் போதிய வளமுடையதன்று. பெருகிய மக்கட்டொகைக்கு வேண்டிய தானியம் கருங்கடற் பகுதிகளிலிருந்து கப்பலிலே வந்தது. அதற்கு ஈடாக ஒலிவ எண்ணெயும், மட்பாண்டங்களும், இலவுரியன் சுரங்கத்து வெள்ளியும் வெளிச்சென்றன. கி. மு. 480, 479 ஆம் ஆண்டுகளிற் பாரசீகர் முறியடிக்கப்பட்டபின் கடலாட்சி அதென்சின் கைக்கு வந்தது. பிரேயசுத் துறைமுகம் கிழக்கு மத்தியதரைக் கடலின் பெருஞ் சந்தையாயிற்று. கப்பல் கட்டவும், மதிலெழுப்பவும், சரக்கிறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. எனவே, சிரக்கியூசு, சைப்பிரசு, பொனீசியா, திரேசு முதலிய இடங்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர்.

தொடக்கத்தில் நகரத்தின் வாயில் அகலத் திறந்தேயிருந்தது. கி. மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சட்டம் வகுத்த சோலோன், குடும்பத்தோடு வந்து தொழில் செய்யும் அயலாருக்குக் குடியுரிமை வழங்க இடமளித்தான். ஆயின், செல்வம் பெருகப் பெருக வாயில் ஒடுங்கிற்று. கி. மு. 451 ஆம் ஆண்டிற் பெரிக்கிளீசு கொண்டு வந்த சட்டம், தாய் தந்தையர் இருவரும் நகரத்தாராயிருந்தாலன்றி எவரும் குடியாகார் என விதித்தது. குடியாயிருப்பதன் பயன் உயர்ந்த காலத்திலேயே அதனைப் பெறும் வழி அடைபட்டது என்பது கருதத்தக்கது. இதன்பின் அயலான் ஒருவன் நகரில் ஐம்பதாண்டு வாழினும் அயலானே. அவன் மகனும், மகனின் மகனும் அயலாரே.

நகரில் வந்திறங்கிய ஒருவன் குறித்த காலத்துக்குமேல் தங்க விரும்பின், ஊர்ப்பிரிவொன்றிற் பதிந்துகொள்ளல் வேண்டும். நகரத்தான் ஒருவனைத் தனக்குப் பொறுப்பாளனாகக் கொள்ளலும் வேண்டும். ஆண்மகன் ஆண்டொன்றுக்கு 12 திராக்குமாவும், தனித்து வாழும் பெண் 6 திராக்குமாவும் தலைவரியாகச் செலுத்தினர். தேர்ந்த தொழிலாளியின் ஒரு நாட் கூலி ஏறக்குறைய ஒரு திராக்குமாவாதலின், இது பன்னிரண்டு நாள் உழைப்புக்குச் சமம். தொகை பெரிதன்று, ஆயின் அதன் பின்னாலிருந்த தண்டனை பெரிது. வரி செலுத்தத் தவறியவன் அடிமையாக விற்கப்படலாம். பிளேற்றோவின் கல்விக் கழகத்துக்குத் தலைமை தாங்கிய செனொக்கிரதீசு என்னும் அறிஞரும் சல்சிதன் நகரிலிருந்து வந்த அயற்குடியே. வரிகட்ட இயலாது அவர் விற்கப்படும் நிலையை எய்தினாரென்றும், நகரப் பெரியார் ஒருவர் தலையிட்டு மீட்டாரென்றும் பழைய சரித நூல்கள் கூறும். கழகத் தலைவருக்கே இந்நிலையெனிற் சுமை தூக்குவோன் நிலை எத்தகையதென்பதை ஊகித்தறியலாம்.

நாட்கூலி தேடுவோர் சந்தைவெளியை அடுத்திருந்த கொலோனசு என்னும் மேட்டிலே காலையிற் கூடி நிற்பர். ஆள் வேண்டுவோர் அங்கு வந்து அழைத்துச் செல்வர். அம்மேட்டுக்குக் 'கூலிக் கொலோனசு' என்றே பெயர் வழங்கிற்று. அங்கே வறிய நகரத்தானும், அயற்குடியும், உடையவனால் வாடகைக்கு விடப்பட்ட அடிமையும் ஒருங்கே நின்றனர்.

இம்மூவரும் எவ்வாறு ஊதியம் பெற்றனர் என்பதை எரெக்தியம் என்னுங் கோயிலின் கட்டிடக் கணக்குகள் காட்டுகின்றன. கி. மு. 409 ஆம் ஆண்டுமுதல் நடைபெற்ற வேலைக்கான அக்கணக்குகள் கல்லிற் பொறிக்கப்பட்டவை. அவற்றிலே நிலை தெரியவரும் தொழிலாளர் 86 பேர். அவர்களுள் நகரத்தார் 24 பேர். அயற்குடிகள் 42 பேர். அடிமைகள் 20 பேர். அயற்குடிகளே ஏறக்குறையப் பாதியினர் என்பதும், நாட்கூலி மூவர்க்கும் ஒரு திராக்குமாவே என்பதும் நோக்கற்பாலன. மேற்பார்வை செய்த சிற்பியின் ஊதியமும் ஏறக்குறைய அவ்வளவேயாம். அடிமையின் கூலி உடையவனைச் சேர்ந்தது என்பது உண்மையே. ஆயினும், அயலானென்ற காரணத்தாற் கூலி குறைக்கப்படவில்லை.

எனினும், அதே கல்லில் வேற்றுமையும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நகரத்தானின் பெயர் 'இன்ன ஊரான்' என வருகின்றது. அயற்குடியின் பெயரோ 'இன்ன ஊரில் வசிப்பவன்' என வருகின்றது. ஒருவன் ஊருக்குரியவன், மற்றவன் ஊரில் இருப்பவன். இரு சொற்களுக்குமிடையேயுள்ள இச்சிறு வேறுபாட்டில் அயற்குடியின் வாழ்வு முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

அயற்குடி நிலமோ வீடோ உடைமையாகக் கொள்ள முடியாது. சிறப்பு அனுமதி பெற்றார்க்கே அவ்வுரிமை உண்டு. ஆதலின் அவன் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தான். நிலமின்மையால் உழவு அவனுக்கு எளிதன்று. எனவேதான் கைத்தொழில், வணிகம், வட்டித்தொழில் ஆகியவற்றில் அவன் முனைந்து நின்றான். அயலார் பணத்தாசை மிக்கோராதலால் இத்தொழில்களை நாடினர் எனச் சிலர் கருதுவதுண்டு. பிற வழிகள் அடைபட்டிருந்தமையே உண்மைக் காரணமாகும். மக்களவையில் அவனுக்கு வாக்கில்லை. அவனைக் கொன்றவன் மீதான வழக்கு, நகரத்தானை வேண்டுமென்று கொன்றவனை விசாரிக்கும் மன்றத்துக்குச் செல்லாது, தற்செயற் கொலைகளை விசாரிக்கும் மன்றத்துக்கே சென்றது. ஆனாற் போர்க் கடமையில் மட்டும் விலக்கில்லை. கி. மு. 431 ஆம் ஆண்டில் மெகாரா நாட்டின்மீது படையெடுத்தபொழுது 3,000 அயற்குடிகள் கவசப் படைஞராகச் சென்றனரெனத் தியூசிடிடீசு எழுதுகின்றார்.

போட்டி மிகுந்த நகரில் அயலானென்ற சொல்லே ஓர் ஆயுதமாயிற்று. கி. மு. 346 ஆம் ஆண்டிற் குடிப்பதிவேடுகள் யாவும் மீளாய்வு செய்யப்பட்டன. அப்பொழுது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட எயுக்சிதியசு என்பவனுக்காகத் தெமொசுதெனீசு எழுதிக்கொடுத்த வாதம் இன்றும் கிடைக்கின்றது. அவன்மீது கூறப்பட்ட குற்றங்கள் யாவை? தாய் சந்தையில் நாடா விற்றாள். தந்தையின் பேச்சில் வேற்றூர் ஒலி கலந்திருந்தது. இவையே அவை. தந்தை போரிற் சிறைப்பட்டு நெடுங்காலம் அந்நிய நாட்டில் வாழ்ந்தமையால் அவ்வொலி வந்ததென்றும், தாய் வறுமையாலேயே சந்தைக்குச் சென்றாளென்றும் அவன் விளக்க வேண்டியிருந்தது. வழக்கிற் தோற்றிருப்பின் அவன் அடிமையாக விற்கப்பட்டிருப்பான். அயலாரை ஒதுக்குதற்கு எழுப்பிய வேலி நகரத்தாருள் எளியவரையும் குத்திற்று என்பதற்கு இதுவே சான்று.

செல்வமும் காப்பளிக்கவில்லை என்பதைக் கெபலசின் குடும்பம் காட்டும். கெபலசு பெரிக்கிளீசின் அழைப்பையேற்றுச் சிரக்கியூசிலிருந்து வந்தவர். முப்பதாண்டு அதென்சில் வாழ்ந்தும் அவர் எவர்மீதும் வழக்குத் தொடுத்ததுமில்லை. எவரும் அவர்மீது தொடுத்ததுமில்லை. பிளேற்றோவின் 'குடியரசு' நூலின் உரையாடல் இக்குடும்பத்தாரின் இல்லத்திலேதான் நிகழ்கின்றது. மைந்தர் பொலெமார்க்கசும் இலிசியசும் நூற்றிருபது அடிமைகளைக் கொண்ட கேடயத் தொழிற்சாலையை நடத்தினர். கி. மு. 404 ஆம் ஆண்டில் அதென்சு போரில் தோற்று, முப்பதின்மர் ஆட்சி ஏற்பட்டது. அவ்வாட்சியினருக்குப் பணம் வேண்டியிருந்தது. பத்து அயற்குடிகளைக் கைதுசெய்யத் தீர்மானித்த அவர்கள், அவருள் இருவர் வறியவராயிருத்தல் வேண்டுமென வகுத்துக்கொண்டனர். செல்வத்துக்காகச் செய்ததெனப் பிறர் கூறாதிருத்தற் பொருட்டே இச்சூழ்ச்சி. விசாரணையின்றிப் பொலெமார்க்கசுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது. அவர் மனைவியின் காதணிகளும் பறிக்கப்பட்டன. இலிசியசு தப்பியோடினார்.

ஓடியவர் வாளாவிருக்கவில்லை. குடியாட்சியை மீட்கப் போராடிய திராசிபூலசின் படைக்குப் பணமும், இருநூறு கேடயங்களும் அளித்தார். அப்படையில் அயற்குடிகள் பலர் போரிட்டனர். கி. மு. 403 இல் வெற்றி கிடைத்ததும், உடனின்று போரிட்ட யாவருக்கும் குடியுரிமை வழங்கல் வேண்டுமெனத் திராசிபூலசு பிரேரித்தான். ஆயின், முறைப்படி கொண்டுவரப்படவில்லை என்று காட்டி அத்தீர்மானத்தை ஆர்க்கினசு என்பவன் தகர்த்தான். ஈராண்டின் பின்னரே ஒரு பகுதியினருக்கு உரிமைகள் வழங்கப்பட்டன. அக்கல்வெட்டின் துண்டுகளிலே தச்சன், தோற்றொழிலாளி, கோவேறு கழுதை ஓட்டி, உழவன் என அவரவர் தொழில் குறிக்கப்பட்டிருக்கின்றது. அவர்கள் பெற்றது முழுக் குடியுரிமையா, வரிச் சமத்துவமா என அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். இலிசியசோ வாழ்நாள் முழுவதும் அயற்குடியாகவே இருந்தார். அதென்சிய உரைநடைக்கு அணிசெய்த அவர், பிறர் மன்றிற் பேசுதற்கு உரை எழுதிக்கொடுத்தே சீவித்தார்.

இழப்பு நேர்ந்த பின்னரே நகரம் சிந்திக்கத் தொடங்கிற்று. கி. மு. 355 அளவில், அரச வருவாய் குன்றிய காலத்திற் செனொபன், அயற்குடிகளை ஆதரிப்பதே வருவாய்க்குச் சிறந்த வழியென எழுதினார். மதிலகத்தே வெறுமையாய்க் கிடந்த மனைகளில் தகுதியுடையோர் வீடு கட்டிக்கொள்ள அனுமதித்தல் வேண்டுமென்றும், அவர்கள் நலனைக் கவனிக்க அதிகாரிகளை நியமித்தல் வேண்டுமென்றும் அவர் கூறினார். வணிக வழக்குகளை விரைந்து தீர்க்கும் முறையும் அந்நூற்றாண்டிலேயே அமைந்தது. கி. மு. 333 ஆம் ஆண்டிற் சைப்பிரசுத் தீவின் கித்தியன் நகர வணிகர், தம் தெய்வத்துக்குக் கோயிலெடுக்க நிலம் வாங்கும் அனுமதி பெற்றனர். எகிப்தியர் ஐசிசுத் தேவிக்குக் கோயில் அமைத்தமை அத்தீர்மானத்தில் முன்மாதிரியாகக் குறிக்கப்பட்டது. பிழைப்புக்காகச் சென்றவிடத்துத் தம் தெய்வத்துக்கு ஓர் இடந் தேடுதல் மக்கள் இயல்பு போலும். மலாயா நாட்டுக்கு உத்தியோகம் நாடிச் சென்ற யாழ்ப்பாணத்தார் செய்ததும் அதுவேயன்றோ!

கி. மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட குடித்தொகைக் கணக்கின்படி அதென்சில் நகரத்தார் 21,000 பேர். அயற்குடிகள் 10,000 பேர். அவ்வயற்குடிகளின் நிலையிலேயே சில ஆண்டுகளுக்கு முன்னர் அரித்தோத்தில் அங்கு வாழ்ந்தார். குடி என்பவன் யாவன் என்ற வினாவைத் தெளிவாக ஆராய்ந்த அப்பேரறிஞர், தாம் கற்பித்த நகரில் ஒரு துண்டு நிலத்துக்கும் உரியவராக முடியவில்லை. கி. மு. 323 இல் அலெச்சாந்தர் இறந்ததும் மாசிதோனியருக்கு எதிரான சினம் மூண்டது. அவர் நகரை விட்டு நீங்கினார்.

நாளொன்றுக்கு ஒரு திராக்குமா என்ற நேர்மையான கூலியை அதென்சு அயலானுக்கு அளித்தது. அதனை மறுத்தல் ஆகாது. பிற்கால நகரங்கள் பல அதனையும் அளிக்கவில்லை. ஆயின் கூலி உழைப்பின் விலையேயன்றி மனிதனின் மதிப்பன்று. உழைப்பைப் பெற்று உறவை மறுத்த நகரம், தனக்காகப் போரிட்டவனையும் தனக்குக் கற்பித்தவனையும் தன்னவனாக்கும் பேற்றை இழந்தது. எரெக்தியத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன; அவற்றைச் செதுக்கியோருட் பலர் 'வசிப்பவர்' என்றே கல்லிலும் நிலைத்துவிட்டனர்.