பிஸ்பி: தாமிரமும் 23 இரயில் பெட்டிகளும்

அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலம் என்றதும் கள்ளிச்செடிகளும் செம்மண் குன்றுகளும் கௌபாய் படங்களுமே நம்மவர் நினைவுக்கு வரும். அப்படங்களால் பெயர்பெற்ற டூம்ஸ்டோனில் பிள்ளைகளின் ஆசைக்காகத் துப்பாக்கிச் சண்டை நாடகமொன்றைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து 25 மைல் தொலைவிலுள்ள பிஸ்பிக்குச் சென்றோம். மெக்சிகோ எல்லையை ஒட்டி, மியூல் மலைகளின் இடுக்கில், 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த அரிசோனா ஊர் இது. 1880-இல் தாமிரத்துக்காகவே தோன்றியது.

ஊருக்குள் நுழைவோரை முதலில் திகைக்கவைப்பது லாவெண்டர் குழி. பெயரைக் கேட்டு ஊதாப் பூக்களைத் தேடவேண்டாம். அது நிறுவன அதிகாரி ஒருவரின் குடும்பப் பெயர். சுமார் 900 அடி ஆழத்துக்கு ஒரு மலையையே குடைந்தெடுத்திருக்கிறார்கள். 1975-இல் சுரங்கத்தொழில் நின்றது. மறு ஆண்டே காப்பர் குவீன் சுரங்கம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு சிறு இரயிலில் உள்ளே போனால், வெளியே பாலை கொதிக்கையிலும் குளிர் எலும்பைத் தொடுகிறது.

1917-இல் முதல் உலகப்போருக்காகத் தாமிரத்தின் விலை ஏறியது. தொழிலாளரின் நிலை ஏறவில்லை. ஆட்கள் உள்ளே இருக்கையில் வெடி வைக்கக்கூடாது என்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று என்றால், நிலைமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மெக்சிகர்களுக்கு நிலத்தடி வேலையே தரப்படவில்லை; மேலே, குறைந்த கூலிதான். ஜூன் இறுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நேரில் காண வந்த இராணுவ அதிகாரி ஊர் அமைதியாக இருப்பதாகவே அறிக்கை தந்தார்.

ஜூலை 12, விடியற்காலை. ஷெரீப் ஹாரி வீலரின் தலைமையில், கையில் வெள்ளைத்துணி கட்டிய சுமார் 2,000 பேர் துப்பாக்கிகளுடன் வீடுவீடாகப் புகுந்தனர். வேலைநிறுத்தம் செய்தவர்களோடு, அவர்களுக்கு அனுதாபம் காட்டியவர்களையும் இழுத்துவந்தனர். வெளியுலகுக்குச் செய்தி போகாதபடி தந்தி அலுவலகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பிடிபட்டவர்களை வாரன் பந்தாட்ட மைதானத்தில் அடைத்து, வேலைக்குத் திரும்பச் சம்மதித்தால் விடுதலை என்றனர். மறுத்த ஏறத்தாழ 1,200 பேர் 23 மாட்டுப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, கோடை வெயிலில் பதினாறு மணி நேரம் பயணித்து, நியூ மெக்சிகோவின் ஹெர்மானாஸ் என்னும் பாலைவன நிலையத்தில் விடப்பட்டனர். ஊர் திரும்பினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற எச்சரிக்கையுடன்!

குடியரசுத் தலைவர் வில்சன் அமைத்த குழு இது சட்டவிரோதம் என்றது. ஆனால் 1920-இல் உச்ச நீதிமன்றம், ஆட்கடத்தலைத் தண்டிப்பது மாநிலத்தின் பொறுப்பென்று ஒதுங்கிக்கொண்டது. மாநிலமோ ஒரே ஒருவரை விசாரித்தது; தற்காப்புக்கு வேறு வழியில்லை என்ற வாதத்தை ஏற்று ஜூரிகள் அவரை விடுவித்தனர். மற்ற வழக்குகள் கைவிடப்பட்டன. சட்டம் கைவிரிப்பது நாம் அறியாததல்ல; இத்தனை பேரை நாடறியக் கடத்திய பிறகும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை என்பதே எங்களை உறுத்தியது.

முன்னாள் நிறுவன அலுவலகமே இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து வாரன் மைதானத்துக்குச் சென்றோம். 1909-இல் கட்டப்பட்டது, புகழ்பெற்ற பாஸ்டன், சிகாகோ அரங்குகளைவிடப் பழமையானது, இன்றும் ஆட்டங்கள் நடக்கின்றன. வேலிக்கு வெளியே நின்ற எங்கள் மகள், "இவ்வளவு பேரையும் இதற்குள்ளேயா வைத்திருந்தார்கள், அப்பா?" என்று கேட்டாள்.

ஊர்மக்கள் இதைப்பற்றி வெளிப்படையாகப் பேசப் பல தலைமுறைகள் ஆயின. நூற்றாண்டு நிறைவையொட்டி 2017-இல் அவர்களே அந்த நாளை நடித்துக்காட்ட, அதை ராபர்ட் கிரீன் 'பிஸ்பி '17' என்ற ஆவணப்படமாக்கினார். அதில், உடன்பிறந்தவனையே துப்பாக்கிமுனையில் இரயிலேற்றிய ஒருவரின் பேரர்கள் இருவர், அந்தச் சகோதரர்களாக நடித்திருக்கிறார்கள்.