பழைய அச்சும் புதிய பெட்டியும்

சிறுவர் உருட்டி விளையாடும் வண்டி வரலாற்று ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். அரசர், போர், ஆட்சி என்பனவற்றையே வரலாறாகக் கற்றும் கற்பித்தும் பழகியவர்கள் நாம். ஆயினும் நம் பழம்புலவர்கள் இப்பொருளை எளிதென்று ஒதுக்கவில்லை. முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மீது மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டி வந்த மூன்று சக்கரத் தேரின் வழியை மறித்ததாகப் பட்டினப்பாலையிற் காண்கிறோம். அது காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்லவந்த இடம். பெரும்பாணாற்றுப்படையோ, தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி புனைந்த ஒரு சிறுதேரைக் குறிப்பிட்டு, அஃது ஏறி ஊர்வதற்கு ஆகாத தேர் என்று தெளிவாக்குகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேர்ப் பருவமே.

ஏறி ஊர்வதற்கு ஆகாத தேர் என்னும் இந்த விளக்கம், இன்று உலகெங்கும் பெரியவர்களும் விரும்பிச் சேர்க்கும் மாதிரி மோட்டார் கார்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவற்றுள் இருவகை உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்து, வண்ணம் தீட்டி, முழு வண்டியாகவே விற்கப்படுவது ஒன்று. பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பெட்டியில் வந்து, வாங்கியவரே பசையிட்டு ஒட்டி, வண்ணம் பூசி நிறைவாக்கிக்கொள்வது மற்றொன்று. இதனைக் கடைக்காரர் 'கிட்' என்பர். இரண்டிற்கும் உயிர்நாடி அளவு மாறாமை. அம்பாசடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அதனை 43-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 10 சென்டிமீட்டர். 25-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 17 சென்டிமீட்டர். நீளம் சுருங்கிய விகிதத்திலேயே கதவின் கைப்பிடியும் விளக்கின் வட்டமும் சுருங்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியின்போது அட்டையிலும் களிமண்ணிலும் மாதிரிகள் செய்து பழகிய எனக்கு, இந்த ஒழுங்கு எத்துணைக் கடினமானது என்பது தெரியும். அந்த 43 என்னும் எண்கூட ஒரு வரலாற்று எச்சமே. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்னும் கணக்கில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பொம்மை இரயிலுக்குப் பொருத்தமாகக் கார்களையும் செய்தபோது நிலைபெற்ற அளவு அது.

இத்தொழிலில் ஆண்டுதோறும் 'புதிய வெளியீடு' என்று அறிவிக்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி புதியன அல்ல என்பதை நேயர்கள் முதலில் அறிய வேண்டும். பழைய அச்சிலிருந்து மீண்டும் வார்த்து, புதிய படம் அச்சிட்ட பெட்டியில் இட்டு விற்பதே மிகுதி. காரணம் எளியது. எஃகில் குடைந்து செய்யும் அச்சுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. ஒருமுறை செய்துவிட்டாலோ அது பல ஆண்டுகள் உழைக்கும். வார்ப்பட அச்சு ஏறத்தாழ ஒரு கோயில் தேரைப் போன்றது. செய்வது ஒருமுறை, இழுப்பது பலமுறை.

அச்சின் வாழ்க்கையை அறிவதற்கு ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனத்தின் தொடக்கத்தைப் பார்க்கலாம். ஹங்கேரி நாட்டவரான நிக்கோலஸ் கோவ் 1939-இல் அதனைத் தொடங்கினார். 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனத்தார் தம் விற்பனையாளர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு சிறு டிராக்டர் மாதிரி செய்து தருமாறு கேட்டனர். விற்பனைக்கு உதவியாகப் பிறந்த அந்த மாதிரி, பிறகு உறுப்புகளாகவே பெட்டியில் இட்டு விற்கப்பட்டது. ஏர்ஃபிக்ஸ் கிட்டுகளின் மூதாதை அதுவே. ஏரும் எருதும் அறிந்த நமக்கு அந்த டிராக்டர் அயலானதன்று. சென்னையில் 1960-இல் நிறுவப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வழியாக மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் தமிழகத்தின் வயல்களில் இறங்கின. உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். அந்தப் பழைய ஃபெர்குசன் டிராக்டரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் உருவாக்கித் தந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சற்று நேரத்தில் அது திரும்பி வரும்.

அமெரிக்காவில் இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. கார் விற்பனை நிலையங்களுக்காகச் செய்யப்பட்ட மாதிரிகளின் அச்சுகளைக் கொண்டு, ஏ.எம்.டி. நிறுவனம் 1958 முதல் 25-இல் ஒரு பங்கு அளவில் அந்தந்த ஆண்டின் கார்களைக் கிட்டாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு காரின் முகம் மாறும். உடனே அதே அச்சைத் திருத்திக் குடைவார்கள். புதிய கார் பிறக்கும். பழைய கார் அந்த எஃகிலிருந்து என்றென்றைக்கும் அழிந்துவிடும். ஓர் ஓலையைச் சுரண்டி அதன்மேலேயே வேறு நூலை எழுதுவதை இது ஒக்கும். ஜப்பானின் டாமியா நிறுவனமோ மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கியது. மரத்தாலான மாதிரிகளையே செய்துவந்த அவர்கள், காலம் மாறியதைக் கண்டு 1960-ஐ ஒட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறினர். தச்சர் மரபு அங்கே எஃகு அச்சில் தொடர்ந்தது எனலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம்.

லிவர்ப்பூல் நகரில் மெக்கானோ நிறுவனம் செய்த உலோகக் கார்களுக்கு 1934-இல் 'டிங்கி டாய்ஸ்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. உலகப் புகழ் பெற்ற இந்தச் சிறுகார்கள் சுதந்திரத்திற்குப் பின் இந்தியச் சிறுவருக்கு எட்டாக்கனியாயின. 1957-இல் நேர்ந்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. உணவு தானியத்திற்கும் இயந்திரத்திற்கும் செலவிட வேண்டிய பணத்தைப் பொம்மைக்குச் செலவிட எந்த அரசும் இசையாது. அதைக் குறை கூறுவதற்கில்லை. பொம்மை வர வழியில்லை. ஆனால் அச்சு வந்தது. மெக்கானோ நிறுவனம் தனக்கு இனி வேண்டாத சில டிங்கி அச்சுகளை 1968-ஐ ஒட்டிக் கல்கத்தாவிற்கு விற்றது. அங்கே அவை 'நிக்கி டாய்ஸ்' என்னும் பெயரில் மறுபிறவி எடுத்தன. டிங்கி என்ற பெயரை அடித்தட்டிலிருந்து அகற்றி நிக்கி என்று மாற்றினர். வார்ப்பில் பழைய கூர்மை சற்று மழுங்கியிருந்தது, வண்ணம் தடித்திருந்தது. சேகரிப்போர் இதனைக் குறையாகக் கூறுவர். என் கருத்தில் அது குறையன்று. அந்த வண்டி எங்கே, எந்தக் காலத்தில், எவ்வகைப் பட்டறையில் பிறந்தது என்பதற்குச் சான்று.

நிக்கி வரிசையில் ஒரு வண்டி என் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. டிங்கி பட்டியலில் 295 என்னும் எண்ணோடு வெளிவந்தது ஸ்டாண்டர்டு அட்லஸ் என்னும் சிறு பஸ். மெய்யான அட்லஸ் வேனைக் காவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1958-இல் வெளியிட்டது. ஆம், ஃபெர்குசன் டிராக்டரைச் செய்த அதே ஸ்டாண்டர்டு. பத்தாண்டுகளில் அந்த வேனுக்கு இங்கிலாந்தில் காலம் முடிந்தது. அதன் உற்பத்திக் கருவிகள் நம் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தை வந்தடைந்தன. வண்டலூரை அடுத்த தொழிற்சாலையில் அது 'ஸ்டாண்டர்டு 20' என்னும் பெயரோடு மீண்டும் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அதன் பொம்மை அச்சும் லிவர்ப்பூலிலிருந்து கல்கத்தாவை அடைந்தது. அங்கே வெளியான பொம்மைக்கும் 'ஸ்டாண்டர்டு 20 மினி பஸ்' என்றே பெயரிட்டனர்!

இதன் பொருளை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மெய்வண்டியும் பொம்மைவண்டியும் தனித்தனியே கடல் கடந்து, ஒன்று சென்னைக்கும் மற்றொன்று கல்கத்தாவிற்கும் போய், இரண்டும் ஒரே புதுப்பெயரைப் பூண்டன. ஆங்கிலேயச் சிறுவனுக்கு வழக்கொழிந்த வண்டியாக இருந்தது, இந்தியச் சிறுவனுக்குத் தெருவில் ஓடும் புத்தம் புது வண்டி. மறுவெளியீடு என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

உண்மையில் அக்காலத்து இந்தியக் கார்கள் அனைத்துமே ஒருவகையில் மறுவெளியீடுகள்தாம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசை 1957-இல் உத்தரபாராவில் அம்பாசடர் ஆயிற்று. ஃபியட் 1100 பம்பாயில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. டிரையம்ப் ஹெரால்டு 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. ஆனால் அச்சை வாங்கியவர் எப்போதும் அச்சுக்கு அடிமையாக இருந்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே உண்டு. குடும்பத்தோடு பயணம் செய்யும் நம் வழக்கத்திற்கு அது போதவில்லை. எனவே சென்னையில் நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கினர். எங்கள் ஊர், சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் சேலத்துச் சாலை பிரியும் இடம். 1970-களில் அச்சாலை ஓரத்தில் நின்ற சிறுவர்களாகிய நாங்கள், விளக்கின் வடிவைக் கொண்டே தொலைவில் வருவது எந்தக் கார் என்று பந்தயம் கட்டுவோம். மூன்றே வகை இருந்ததால் பெரும்பாலும் எல்லாரும் வென்றோம்.

லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. சென்னை ஸ்டாண்டர்டு 1980-களின் இறுதியில் ஓய்ந்தது. அம்பாசடர் 2014-இல் நின்றது. நிக்கியும் மறைந்துவிட்டது. மெய்வண்டிகள் துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நான்கு கதவு ஹெரால்டை இன்று சாலையில் காண்பது அரிது. ஆகவே ஒரு காலத்தின் சாலையை நமக்குக் காட்டும் பொறுப்பு, பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பொம்மைகளின்மேல் விழுந்திருக்கிறது. அவற்றைச் சேர்த்துவைக்கும் காட்சிச்சாலைகளோ நம்மிடம் மிகக் குறைவு. செப்புக்காசு ஒன்று கிடைத்தால் அதன் எழுத்தைப் படிக்க அறிஞர் பலர் விரைகின்றனர். பொம்மையின் அடித்தட்டு எழுத்தைப் படிக்க ஆளில்லை.

மேல்நாட்டார் இதில் விழிப்பாக இருக்கின்றனர். டிங்கி என்னும் பெயர் இப்போது மாட்டெல் நிறுவனத்தின் உடைமை. அதன் இசைவு பெற்று அட்லஸ் எடிஷன்ஸ் என்பார் பழைய டிங்கி கார்களைப் பெட்டிப் படம் உட்பட அப்படியே மறுபடைப்புச் செய்து விற்றனர். 2018-இல் ரெவெல் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர் நொடித்தபோது, பல பழைய அச்சுகளை அட்லாண்டிஸ் என்னும் சிறு நிறுவனம் வாங்கிக் காப்பாற்றியது. ஏ.எம்.டி. பெயரை இன்று கொண்டுள்ள ரவுண்டு டூ நிறுவனத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். திருத்திக் குடைந்ததால் அழிந்துபோன அச்சுகளுக்காக, எங்கோ ஒட்டப்படாமல் எஞ்சியிருந்த பழைய கிட்டைத் தேடிப் பிடித்து, அதன் உறுப்புகளைக் கணினியால் அளந்து, புதிய அச்சு செய்கின்றனர். சிதைந்த ஏட்டுக்கு வேறோர் ஊரில் படி தேடிய உ. வே. சாமிநாதையரின் உழைப்பே எனக்கு நினைவுக்கு வந்தது. பொருள் வேறு, முறை ஒன்று.

நம் நாட்டுச் சட்டநிலையும் மாறியுள்ளது. 2001-இல் இறக்குமதித் தடைகள் நீங்கின. பின்னர்ப் பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 சனவரி முதல், 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயமாயிற்று. குழந்தைகளின் நலத்திற்கு இது நன்று. உள்நாட்டுத் தொழிலுக்கும் இடம் பிறந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் நாம் எதைச் செய்யப் போகிறோம்? பிறர் கைவிட்ட அச்சை வாங்கிக் காலம் கழித்த தலைமுறைக்கு வேறு வழியிருக்கவில்லை. இன்று அளவெடுக்கும் கருவிகளும் அச்சு குடையும் பட்டறைகளும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் உள்ளன. கைத்திறனுக்கோ நாம் தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. வாகை மரத்தில் மயிரிழை பிசகாமல் தெய்வ உருவம் செதுக்குவோருக்கு, நான்கு கதவு ஹெரால்டின் முகம் பெரிய வேலையாக இராது.

பழைய நிக்கி வண்டி எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், அதைத் தேய்த்துப் புது வண்ணம் பூசாதிருக்க வேண்டுகிறேன். ஈயம் கலந்த தரக்குறைவான துத்தநாக வார்ப்பு நாளடைவில் வெடித்து உதிரும் இயல்புடையது. ஈரம் அதற்குப் பகை. எனவே உலர்ந்த இடத்தில் பஞ்சில் பொதிந்து வைப்பது நன்று. பெட்டி கிழிந்திருந்தாலும் எறிய வேண்டாம். பெயரும் எண்ணும் பெரும்பாலும் அதன்மேல்தான் இருக்கும். அடித்தட்டைத் திருப்பிச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிக்கி என்ற எழுத்தைச் சுற்றியுள்ள உலோகம் மற்ற இடத்தைப்போல் வழவழப்பாக இல்லாமல் கரடாகத் தோன்றுமானால், லிவர்ப்பூலின் பெயரைக் கல்கத்தாவின் உளி நீக்கிய இடம் அது.