மிக அடர்நடவும் ஆகஸ்ட் கவாத்தும்: கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் மர நெருக்கம்

எண்ணெய்ப்பனையில் மர நெருக்கம் நடவு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. 9 மீட்டர் முக்கோண முறையில் எக்டேருக்கு 143 கன்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பனைக்கு ஒரே குருத்து. அதை வெட்டி மரத்தைச் சிறிதாக்க வழியில்லை. நெருக்கி நட்டால் ஓலைகள் பின்னிக்கொள்ளும், தண்டு வெளிச்சம் தேடி நெடுக்கும், பெண் குலை குறைந்து ஆண் பாளை கூடும். பிறகு இடையிடையே சில மரங்களைச் சாய்ப்பது ஒன்றே மாற்று.

மாவின் கதை வேறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழைய தோப்புகளில் 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். இப்போது பரிந்துரைக்கப்படும் மிக அடர்நடவில் 3க்கு 2 மீட்டர், ஏக்கருக்கு 674 கன்று; ஏறத்தாழ 17 மடங்கு. இந்த நெருக்கத்தை மா தாங்குவது கவாத்தினால் மட்டுமே. ஆகவே எத்தனை கன்று என்பதைவிட, யார், எந்த மாதத்தில் வெட்டுகிறார்கள் என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடர்நடவின் ஆதாயம் வெளிச்சத்தில் இருக்கிறது. 40 மரத் தோப்பில் முதல் பத்து ஆண்டுகள் வெயிலில் பெரும்பகுதி வெறுந்தரையில் விழுந்து வீணாகிறது. 674 கன்றுகள் நான்காம் ஆண்டிலேயே அதைப் பிடித்துவிடும். எனவே இளந்தோப்புகளை ஒப்பிட்டால் அடர்நடவு வெல்வதில் வியப்பில்லை. ஆனால் நெருக்கம் கூடக் கூட மொத்த உயிர்ப்பொருள் ஓர் எல்லையில் நின்றுவிடும். காய், விதை விளைச்சலோ உச்சம் தொட்டபின் இறங்கும். 1960இல் வேளாண் ஆய்வாளர் ஹாலிடே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ஐந்தாம் ஆண்டு மகசூலை மட்டும் வைத்து அடர்நடவுக்குச் சான்றிதழ் தருவது அவசரம்.

இனி நாட்காட்டி. மா கிளை நுனியில் பூக்கும் மரம்; அந்த நுனி முற்றியிருக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்தால்தான் புதுத் துளிர் டிசம்பருக்குள் முற்றிப் பூவெடுக்கும். செந்தூராவும் அல்போன்சாவும் முன்னதாகக் காய் முடிக்கும் ரகங்கள், அவகாசம் உண்டு. மாங்கூழ் ஆலைகள் நம்பியிருக்கும் பெங்களூராவில் ஜூலை வரை காய் இறங்குகிறது. எஞ்சுவது ஆகஸ்ட். அதைத் தவறவிட்டு அக்டோபரில் வெட்டிய மரம் தையில் பூவுக்குப் பதில் இலை காட்டும். வெட்டாமலே விட்டால் இரண்டே ஆண்டுகளில் வரிசைகள் கூடி, உள்கிளைகள் நிழலில் காய்ந்து, மேற்பரப்பில் மட்டும் காய் தொங்கும்.

அந்த ஒரு மாதத்துக்கு ஆள் வேண்டும். ஏக்கருக்கு 674 மரத்தையும் ஆள் உயரத்தில் நிறுத்துவது, எந்தக் கிளையை எடுப்பது என்று தெரிந்த கையின் வேலை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும் போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளும் மாதச் சம்பளம் தரும்போது, கவாத்துக் கத்தரி பிடிக்க இளைஞர் எங்கிருந்து வருவார்? ஆள் கிடைத்தாலும் குத்தகை குறுக்கே நிற்கிறது. இங்கு பூவிலும் பிஞ்சிலும் தோப்பைப் பேசி முடித்து வியாபாரியிடம் விட்டுவிடுவது வழக்கம். காயை இறக்கியதும் அவர் கிளம்பிவிடுவார். அடுத்த ஆண்டு மரத்தில் அவருக்கு அக்கறை இருக்க வேண்டிய அவசியமில்லை. உரிமையாளரோ பலநேரம் பெங்களூரில்.

பாக்லோபியூட்ரசால் ஊற்றி வளர்ச்சியை அடக்கலாமே என்பார்கள். அது துளிரைக் குறுக்கும், பூவை முன்னிழுக்கும். ஏற்கெனவே பின்னிய கிளையைப் பிரிக்காது. பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து தெரிவு செய்த பையூர் 1 போன்ற குட்டை ரகங்கள் இதைவிட நேர்மையான வழி. ஆனால் ஆலைகள் கேட்பது பெங்களூராவை.

அடர்நடவுக்கான மானியமும் கன்றுக்கும் சொட்டுநீருக்கும் போவதோடு நின்றால், நட்ட எண்ணிக்கைதான் கணக்கில் ஏறும். ஆறாம் ஆண்டு முதல் கவாத்துக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை, குத்தகைக்கு விடப்படும் பெங்களூராத் தோப்பில் 3க்கு 2 மீட்டர் நடவைப் பரிந்துரைக்கக் கூடாது. 5க்கு 5 மீட்டரில் ஏக்கருக்கு 160 மரமே அங்கு போதும்.