முதல் துணைவேந்தரும் சேரியின் சொற்களும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நாம் இருக்கிறோம். ராஜராஜன் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் நிலக்கணக்கில், வரி நீக்கிய இடங்களின் வரிசையில், ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்று வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கல்லில் நம் குடியிருப்பு இருக்கிறது. நம் பேச்சு இல்லை.

அதே தஞ்சையில் 1981 செப்டம்பர் 15 அன்று தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டு அப்போது 13 ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியம். 1926இல் நாகர்கோவில் பகுதியில் பிறந்தவர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு சட்டப்படி திறந்த 1936இல் அவருக்குப் பத்து வயது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தார். புறநானூற்றுக்குச் சொல்லடைவு தொகுத்தார்.

அவர் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவர் நடத்திய மலையாள வட்டார வழக்கு ஆய்வில் 1974இல் வெளிவந்த தொகுதி, ஈழவர், தீயர் பேச்சைப் பற்றியது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே தடுக்கப்பட்டிருந்த மக்களின் பேச்சை, புறநானூற்றுச் சொல்லைப் போலவே எண்ணி எடுத்து ஆராய்ந்தார்கள்.

அவரைப் புனிதராக்க நாங்கள் இதை எழுதவில்லை. அந்த ஆய்வுமுறை நமக்கு வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை பெரிய சொத்துதான். ஆனால் சுவடிகள் யார் வீட்டுப் பரணில் இருந்தன? எழுத்தே மறுக்கப்பட்ட வீட்டில் சுவடி ஏது? நம் ஆவணம் நம் பாட்டிகளின் வாயில் இருக்கிறது. நாற்று முடி, கருக்காய், பொலி, கண்டுமுதல் என்று வயலின் ஒவ்வொரு அசைவுக்கும் அவர்களிடம் சொல் உண்டு. சாணிப்பால் என்றால் பண்ணையாரின் தண்டனை என்று கேட்டு வளர்ந்தவர்களும் அவர்களே. நடவு இயந்திரத்தோடும் வயதோடும் அந்தச் சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

தோழர்களே, செல்பேசி போதும். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால் பாட்டியிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊர், வயது, செய்த வேலை மூன்றையும் குறியுங்கள். அவர் சொன்னபடியே எழுதுங்கள். ‘நல்ல தமிழுக்கு’ மட்டும் திருத்திவிடாதீர்கள்.