வட்டவளை லயமும் கணிப்பொறியின் நினைவகமும்

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி மலையேறும் புகையிரதப் பாதையில் வட்டவளை அமைந்துள்ளது. இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் அதுவும் ஒன்று. மலையகத்தின் ஏனைய தோட்டங்களிற்போலவே அங்கும் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிற் குடியிருத்தப்பட்டன. ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும் காம்பராக்களே லயம் எனப்படும். எந்தக் காம்பரா எந்தக் குடும்பத்துக்கு என்பதைத் தோட்ட நிருவாகமே முடிவுசெய்தது. வரம்புள்ள இடத்தை, வருவதும் போவதுமாயிருக்கும் பலருக்குப் பகிர்ந்தளிப்பது எவ்வாறு? இதே வினாவைக் கணிப்பொறி வல்லுநரும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்கொண்டனர்.

கணிப்பொறியின் நினைவகம் என்பது எண்ணிடப்பட்ட சிற்றறைகளின் நீண்ட வரிசையே ஆகும். 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில், ஒரு நிரலுக்கு வேண்டிய இடம் முழுவதும் அது இயங்கத் தொடங்குமுன்னரே வரையறுக்கப்பட்டது. எத்தனை விருந்தினர் வருவர் என்றறியாமல் உலை வைப்பது போன்றது அது. மிஞ்சினால் வீண், குறைந்தால் பசி. ஆகவே, வேண்டும்பொழுது இடம் கேட்டுப் பெறுவதும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதுமான முறை தோன்றியது. இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு என்பது இதுவே.

இம்முறையிலும் ஓர் இடர் உண்டு. பத்துக் காம்பராக்கள் உள்ள ஒரு லயத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து காலியாகிவிட்டன எனக் கொள்க. அடுத்தடுத்த இரண்டு காம்பராக்கள் வேண்டி ஒரு பெரிய குடும்பம் வருகிறது. காலியாயிருப்பவை ஐந்து, ஆயினும் அக்குடும்பத்துக்கு இடமில்லை. இருப்போரை நகர்த்தி ஒருபுறமாகச் சேர்க்கலாகாதா எனின், கணிப்பொறியில் அது எளிதன்று. அறையின் எண்ணைக் குறித்துவைத்த நிரற்பகுதிகள் பழைய எண்ணையே தேடிச் செல்லும். முகவரி மாறியது தெரியாமல் ஊரிலிருந்து எழுதிய கடிதம், பழைய காம்பராவிற் புதிதாகக் குடியேறியவர் கைக்குப் போய்ச் சேர்வது போன்றது அது.

இவ்விடருக்குப் பரிகாரம் தேடியோர் பலர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென்னத் நோல்டன் 1965இல் ஒரு முறையை வெளியிட்டார். அம்முறையில் பதினாறு அறைகளை எட்டெட்டாகவும், எட்டை நந்நான்காகவும் பாதிபாதியாகப் பிளந்து கொடுப்பர். பிளவுண்ட இரு பாதிகளும் காலியானவுடன் அவை மீண்டும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஐந்து அறை கேட்டவருக்கு எட்டு அறை கொடுக்க நேர்வதால் மூன்று வீணாகும்.

டொனால்ட் நூத் 1968இல் வெளியிட்ட தமது பெருநூலின் முதற்பாகத்தில் இத்தகைய முறைகளை ஆராய்ந்தார். முதலிற் கண்ட போதிய இடத்தைக் கொடுப்பது ஒரு முறை. அளவில் மிக நெருங்கிய இடத்தைத் தேடிக் கொடுப்பது மற்றொரு முறை. பின்னது சிக்கனமாகத் தோன்றினும், எவருக்கும் பயன்படாத துண்டுகளை மிச்சம் வைத்துவிடக்கூடும். ஒவ்வொரு பகுதியின் இரு எல்லைகளிலும் அதன் அளவையும் நிலையையும் குறித்துவைத்தால், அது காலியானவுடன் இருபுறத்து அயலையும் பார்த்து ஒன்றுசேர்க்கலாம் என்பதையும் அவர் விளக்கினார்.

1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழியில், இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவரையே சார்ந்தது. கொடுக்க மறந்தால் நினைவகம் சிறிது சிறிதாக வற்றும். கொடுத்த பின்னரும் அவ்விடத்தைப் பயன்படுத்தினால், பிறருடைய பொருளிற் கைவைத்ததாகும். பாதுகாப்புக் குறைபாடுகள் பல இதிலிருந்தே பிறந்தன. எவராலும் சுட்டப்படாத இடங்களை இயந்திரமே தேடி மீட்கும் வழியை, ஜோன் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி பற்றி 1960இல் வெளியிட்ட கட்டுரையில் முன்னரே காட்டியிருந்தார்.

இம்முறைகள் உருவான அதே காலத்தில் மலையகத்திலும் ஒரு பங்கீடு நடந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அண்ணன் தோட்டத்திலே தங்க, தம்பி தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் இயற்றப்படும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நோல்டனின் முறையிற் பிளந்த பாதிகள் மீண்டும் சேர்ந்துவிடும்; எல்லைக் குறி அயலைக் காட்டிக் கொடுக்கும். கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்த உடன்பிறப்புகளுக்கு அத்தகைய முறை எதுவும் வகுக்கப்படவில்லை. எந்தக் காம்பரா காலி என்பதைத் தோட்டத்துப் பேரேடு சொல்லும். அங்கிருந்து போனவர் யார் என்பதை அடுத்த காம்பராவில் இருந்தவரே அறிவார்.